கண்டவரும் எழுதியவரும்



கல்லூரியில் இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள், பத்தாந் தர மாணவரிடம் அதைப்பற்றி எழுதிவரச் சொல்வது என் வழக்கம். முப்பது கொப்பிகள் வரும். அஞ்சலோட்டத்தில் கோலைத் தவறவிட்டது எந்த இல்லம் என்பதில் முப்பதும் ஒத்துப்போன ஆண்டு ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் எல்லோரும் கண்ணாற் கண்டவர்களே. சென்ற ஆண்டு ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், இப்ப எல்லாற்ற கையிலயும் போன் இருக்கு. பார்த்தவனே படம் எடுத்து அனுப்பிப்போடுவான். பிறகேன் நிருபர்?"

இக்கேள்வி கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில் இரத்தம் சிந்திய ஒரு நாளில் அது எழுந்துவிட்டது.

1819ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி. பருத்தித் தொழிலாற் பெருத்திருந்த மான்செஸ்ரருக்குப் பாராளுமன்றத்தில் தனக்கென ஓர் உறுப்பினர்தானும் இல்லாத காலம். வாக்குரிமைச் சீர்திருத்தம் வேண்டிச் சென் பீற்றர்ஸ் திடலில் ஏறத்தாழ 60,000 மக்கள் திரண்டனர். உள்ளதில் நல்லதை உடுத்து, பெண்டு பிள்ளைகளோடு வந்த கூட்டம் அது. பேச வந்தவர் ஹென்றி ஹன்ற். அவரைக் கைது செய்யுமாறு நீதவான்கள் கட்டளையிட்டனர். உள்ளூர் வணிகரும் கடைக்காரரும் சேர்ந்திருந்த தொண்டர் குதிரைப்படை உருவிய வாளோடு கூட்டத்துட் புகுந்தது. அதன் பின்னே அரச குதிரைப்படையும் புகுந்தது. மாண்டோர் 15 முதல் 18 பேர் வரை என்றும், காயமுற்றோர் 600 பேருக்கு மேல் என்றும் வரலாற்றாசிரியர் கணிப்பர். குதிரைவீரன் ஒருவன் மோதித் தாயின் கையிலிருந்து வீழ்ந்து இறந்த இரண்டு வயதுக் குழந்தை வில்லியம் பீல்ட்சும் மாண்டோருள் ஒருவன்.

லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் ஜோன் ரையஸ் அன்று மேடையிலேயே இருந்தார். மேடையில் நின்றவர்களைப் பிடித்தபோது அவரையும் பிடித்துச் சிறையில் அடைத்தனர். ஆக, தொழில்முறை நிருபரின் பேனா அன்றிரவு பூட்டுக்குள் இருந்தது. லண்டனுக்குப் போகவிருந்தது நீதவான்களின் கூற்று ஒன்றே.

இந்த இடத்திலேதான் இரு குடிமக்கள் வரலாற்றுள் நுழைகின்றனர். ஜோன் எட்வேட் ரெய்லர், ஆர்ச்சிபோல்ட் பிரென்ரிஸ் என்னும் அவ்விருவரும் பருத்தி வணிகத்தோடு தொடர்புடையவர்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்கு அவ்வப்போது எழுதியதுண்டெனினும், எழுத்து அவர்களின் பிழைப்பன்று. ரையஸ் கைதானார் என்று கேட்டதும், உண்மை லண்டனைச் சேராது போய்விடுமே என அஞ்சினர். ஆளுக்கொரு விவரணத்தை எழுதி லண்டன் பத்திரிகைகளுக்கு விரைந்து அனுப்பினர். அரசாங்கத்தின் கதை மட்டுமே நிலைபெறுவதை அவ்விரு கடிதங்களும் தடுத்தன.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மறுநாள் விடுதலையான ரையஸும் தமது அறிக்கையை எழுதினார். ஹன்றின் அரசியலுக்கு அவருடைய பத்திரிகை ஆதரவானதன்று. அத்தகைய பத்திரிகையின் நிருபரே, படை நெருங்கியபோது கூட்டத்திலிருந்து ஒரு கல்தானும் வீசப்படவில்லை என்று எழுதினார். நண்பர் சொல்வதைப் பகைவர் நம்பமாட்டார். கட்சி சாராதவர் சொன்னபோது மறுப்பதற்கு வழியில்லாது போயிற்று. வணிகரின் கடிதமும் நிருபரின் அறிக்கையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இவ்விரண்டுக்கும் அப்பால், பெயர் வெளிவராத பலரின் உழைப்பும் இருந்தது. பாதிக்கப்பட்டோருக்கு உதவ அமைந்த நிவாரணக் குழுவினர் காயமுற்றவர்களின் பெயர், வசிப்பிடம், காயத்தின் தன்மை ஆகியவற்றைப் பட்டியலாக எழுதிவைத்தனர். உதவிப்பணம் பகிர்வதற்கென எழுதிய அப்பட்டியல்களே பிற்கால வரலாற்றாசிரியருக்கு மூலச்சான்றாயின. அரசாங்கமோ நீதவான்களுக்கு நன்றி கூறியது. ஹன்றுக்கு இரண்டரை ஆண்டுச் சிறை கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த ஆறு சட்டங்கள் மலிவு விலைப் பத்திரிகைகளின் மீது முத்திரை வரியைச் சுமத்தின. எனினும், அன்று மாண்டோரைக் கலகக்காரர் என்று இன்று எவரும் சொல்வதில்லை.

ரெய்லர் அடுத்துச் செய்ததே நம் கேள்விக்கு நேரான விடை என்பேன். ஒரு கடிதம் ஒரு நாளைக்கே உதவும் என்பதை அவர் கண்டிருத்தல் வேண்டும். 1821ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி 'மான்செஸ்ரர் கார்டியன்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அம்முதல் இதழிலேயே மான்செஸ்ரர், சல்போர்ட் பாடசாலைகளின் மாணவர் தொகையைக் காட்டும் அட்டவணை ஒன்று வெளிவந்தது. இலவசக் கல்வி பெறுவோர் ஏறத்தாழ 8,000 பேர் என்பதே அதுவரையிருந்த கணிப்பு. அட்டவணையோ 25,000 பேரளவிற் காட்டிற்று. அதனைத் தந்தவர் 'என்.எச்.' என்ற முதலெழுத்துக்களாலே மட்டும் குறிக்கப்பட்டார். தகவல் தெரிந்தவர் ஒரு குடிமகன். அதை அச்சேற்றி, அதற்குப் பொறுப்பேற்று, அடுத்த சனிக்கிழமையும் வாசகர் முன் நின்றது பத்திரிகை.

காலம் மாறிற்று; கருவி மாறிற்று. 1991ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ரொட்னி கிங் என்பவரைப் பொலிஸார் அடித்ததை, நீர்க்குழாய்த் தொழில் செய்த ஜோர்ஜ் ஹொலிடே தம் வீட்டு மாடத்தில் நின்று வீடியோவிற் பிடித்தார். உலகமே அதைப் பார்த்தது. ஆயினும் 1992இல் நடந்த வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அதே வீடியோவைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டித் தமக்குச் சாதகமாக்கினர். பொலிஸார் விடுதலையாயினர், மூண்ட கலவரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். படம் பொய் சொல்லாது என்பர். உண்மைதான், ஆனால் அது தானாகப் பேசவும் மாட்டாது.

2013 ஏப்ரலில் பொஸ்ரன் மரதன் ஓட்டத்திற் குண்டு வெடித்தபோது, வீட்டிலிருந்தபடியே துப்புத் துலக்க முனைந்தோர், காணாமற் போயிருந்த மாணவர் ஒருவரைக் குற்றவாளியென்று இணையத்திற் பரப்பினர். அவர் அதில் எவ்விதத் தொடர்பும் அற்றவர். பின்னர் சடலமாகவே மீட்கப்பட்டார். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த பெற்றோர் அப்பழியையும் சுமக்க நேர்ந்தது. தொழில்முறையினர் தவறவில்லை என்று எண்ணவேண்டாம். அதே வாரத்தில் நியூயோர்க் நாளேடொன்று தொடர்பற்ற இரு இளைஞரின் படத்தை முன்பக்கத்தில் இட்டு, பின்னர் நீதிமன்றம்வரை போக நேர்ந்தது. சம்பளம் வாங்குவது மட்டும் ஒருவரை நிருபராக்கிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மறுபுறத்தில், 2020 மே 25இல் மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் மாண்டபோது, பொலிஸாரின் முதல் அறிக்கை அதனை உடல்நலக் கோளாறாற் சம்பவித்ததுபோலவே சொல்லிற்று. பதினேழு வயதான டார்னெல்லா பிரேசியர் அசையாது நின்று எடுத்த வீடியோ அக்கதையை உடைத்தது. 2021இல் புலிற்சர் பரிசுக்குழு அவரைச் சிறப்பாகப் பாராட்டியது. தொழில்முறையோரின் உயர்ந்த பரிசொன்று தொழில்முறை சாராத ஒரு பெண்பிள்ளையின் முன் தலைவணங்கிய தருணம் அது.

நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் இது புதிதன்று. அவற்றின் ஊர்ச் செய்திகள் பல, பகலில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்துகொண்டு மாலையிற் பேனா எடுத்த பகுதிநேர நிருபரின் கைவண்ணமே. ஊரவர் என்பதால் அவர்கள் கண்டார்கள். நாளைக்கும் அதே ஊரவர் முகத்தில் விழிக்கவேண்டும் என்பதால் விசாரித்து எழுதினார்கள்.

ஆதலால் அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான். காண்பது எவருடைய தனிச்சொத்துமன்று. அதில் குடிமகன் நிருபருக்கு ஈடாவான், சிலவேளை முந்தியும் விடுவான். ஆனால் கண்டதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பதும், தவறினால் "தவறினேன்" என்று அதே இடத்தில் நின்று சொல்வதும் வேறு வேலை. அதைச் செய்பவர் சம்பளம் பெற்றாலென்ன, பெறாவிட்டாலென்ன, அவரே நிருபர்.

இவ்வாண்டுப் போட்டி முடிந்ததும் ஒரு புதிய நிபந்தனை விதித்தேன். கட்டுரையின் அடியில், எங்கே நின்று பார்த்தாய், யாரிடம் கேட்டாய் என இரண்டு வரி எழுதவேண்டும். கேள்வி கேட்ட அதே மாணவனின் கொப்பி வந்தது. அடியில் இப்படி இருந்தது: "அஞ்சலோட்டம் நடந்தபோது நான் வாசலில் ஐஸ்பழம் வாங்கிக்கொண்டு நின்றேன். கோலைத் தவறவிட்டவனிடமே போய்க் கேட்டு எழுதினேன்."

முப்பது கொப்பிகளுள் அந்த ஒன்றைத்தான் வகுப்பில் உரத்து வாசித்தேன்.