கையால் எழுத முடியாதவர்களுக்குக் குரல் தட்டச்சு
போரில் கைகளை இழந்தவர்கள் தங்கள் வாக்குமூலத்தை இன்னொருவரிடம் சொல்லித்தான் எழுதுவிக்கிறார்கள். குரல் தட்டச்சு அதைக் கொஞ்சம் மாற்றும். தொடங்கும்போது ஒருவர் உதவ வேண்டும்: குரோம் உலாவியில் கூகுள் டொக்ஸைத் திறந்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ் விசைகளை ஒன்றாக அழுத்தி, மொழிப் பட்டியலில் இலங்கைத் தமிழைத் தெரிவுசெய்து, ஒலிவாங்கிப் படத்தைச் சொடுக்க வேண்டும். எடுத்த செவ்விகளைக் கேட்டுக் கேட்டுத் திரும்பச் சொல்லி நான் எழுத்தாக்குவதும் இப்படித்தான். எழுத்துத் தமிழில் நிதானமாகச் சொன்னால் பிழை குறையும். ஆனாலும் ஆட்பெயர், ஊர்ப்பெயர், திகதி மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் ஓர் எழுத்துக்கூடப் பிசகக்கூடாது.

இன்னொன்று, உங்கள் பேச்சு இணையம் வழியே வெளியே போய்த்தான் எழுத்தாகிறது. ஆவணமும் கூகுள் கணக்கில்தான் இருக்கும். சாட்சிகளின் பெயரைச் சொல்லாமல் இடம் விடுங்கள். அச்சிட்ட பிறகு, நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு பேனாவால் எழுதுவியுங்கள்.