வெறுங்கையின் நீதி

1954ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள், அன்று போர்ச்சுக்கீசியரின் ஆட்சியில் இருந்த மக்காவ் நகரில் ஒரு மேடைச் சண்டை நடைபெற்றது. ஒருவர் தாய்ச்சி மரபின் ஆசான் வூ குங்யி. ஐம்பது வயதைக் கடந்தவர். மற்றவர் வெண்கொக்கு மரபைச் சார்ந்த சான் ஹக்ஃபூ, முப்பதுகளில் இருந்தவர். இருவர்தம் மரபுகளுள் எது உயர்ந்தது என்று செய்தித்தாள்களில் மூண்ட வாதம், மேடைவரை வந்து நின்றது. ஹாங்காங்கில் இத்தகைய போட்டிக்கு இசைவில்லை என்பதால் கடல் கடந்து மக்காவில் ஏற்பாடாயிற்று. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவன்று இரவு, ஹாங்காங்கின் செக் கிப் மெய் குடிசைப் பகுதியில் பரவிய தீ ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடற்றவர்களாக்கியிருந்தது. போட்டியின் வருவாய் அவர்களுக்கும் உதவும் என்று அறிவிக்கப்பட்டது.

கூட்டம் திரண்டது. ஆனால் கண்டது என்ன? இரு பெரும் ஆசான்களும் ஒழுங்கின்றிக் கைகளை வீசினர். ஒருவர் மூக்கில் இரத்தம் வழிந்தது. இரண்டாம் சுற்றிலேயே சண்டை நிறுத்தப்பட்டது. வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, சமநிலையுமில்லை என்பதே நடுவர்களின் தீர்ப்பு.

இவ்வளவில் முடிந்திருந்தால் இதை இன்று எவரும் நினைத்துப் பார்க்கமாட்டார். ஆனால் மூன்றே நாள்களில், மக்களின் பரபரப்பைக் கண்ட ஹாங்காங் மாலை நாளேடு ஒன்று, லியாங் யூஷெங் என்பவரைக் கொண்டு வீரர்களைப் பற்றிய தொடர்கதை ஒன்றை வெளியிடத் தொடங்கியது. மறு ஆண்டு அதே ஏட்டில் ஜின் யோங் எழுதத் தொடங்கினார். சீன மொழி பேசுவோர் வாழும் நாடுகளிலெல்லாம் அவருடைய புதினங்கள் பரவின. சண்டை ஏமாற்றிவிட்டது, கதை வாழ்ந்தது. இந்த முரணில்தான் சண்டைப் படங்களின் கவர்ச்சியைப் புரிந்துகொள்ளும் வழி இருக்கிறது என்று எண்ணுகிறேன். மக்கள் தேடியது அடியும் உதையும் அல்ல. அடியும் உதையும் கொண்டு வரும் என்று அவர்கள் நம்பிய ஒன்றையே தேடினார்கள்.

அது என்ன என்பதற்கு முந்திய வரலாறு விடை தருகிறது. 1928இல் சாங்காய் நகரில் "செந்தாமரைக் கோயில் எரிந்த கதை" என்ற மௌனப்படம் வெளிவந்தது. மூன்றாண்டுகளில் அதற்குப் பதினெட்டுப் பாகங்கள் எடுக்கப்பட்டன. போர்த்தலைவர்களின் கொடுமையாலும் அந்நியரின் ஆதிக்கத்தாலும் நாடு சிதைந்திருந்த காலம் அது. வழக்குமன்றத்தை நம்ப இயலாத எளியவன், வாளேந்தி வானில் பறந்து தீயவனைத் தண்டிக்கும் வீரனைத் திரையில் கண்டு ஆர்ப்பரித்தான். 1930களின் தொடக்கத்தில் அரசு இவ்வகைப் படங்களுக்குத் தடை விதித்தது. மூடநம்பிக்கையை வளர்க்கின்றன என்பது காரணம். தடை படத்தை நிறுத்தியது, பசியை நிறுத்தவில்லை.

1949இல் ஹாங்காங்கில் வோங் ஃபெய்ஹுங்கைப் பற்றிய முதல் படம் வந்தது. 1925இல் மறைந்த இந்த வோங், கதைமாந்தர் அல்லர். காண்டன் பகுதியில் வாழ்ந்த உண்மை மனிதர். தற்காப்புக் கலை ஆசானாகவும், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியராகவும் விளங்கினார். நம் குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களை அறிந்தவர்களுக்கு இந்த இணைப்பு வியப்பளிக்காது. முறிக்கக் கற்ற கையே இணைக்கவும் கற்றிருந்தது. குவான் தக்ஹிங் என்ற நடிகர் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் வோங்காகத் தோன்றினார். அவருடைய வோங் கடைசிவரை பொறுப்பார், சீடர்களைக் கடிந்துகொள்வார், வேறு வழியில்லாதபோதே கையை ஓங்குவார்.

வலிமையை அறநெறியோடு இணைத்துக் காணும் இந்த ஆவல் நமக்கும் உரியதே. தமிழகத்திலிருந்து சென்ற போதிதருமரே சாவோலின் மடத்தில் போர்க்கலையைக் கற்பித்தார் என்று நம்மவர் பெருமையோடு சொல்வதுண்டு. 2011இல் வெளிவந்த "7ஆம் அறிவு" திரைப்படமும் இந்த நம்பிக்கையின்மேல் எழுந்ததே. ஆனால் போதிதருமருக்கும் உடற்பயிற்சிக்கும் முடிச்சுப் போடும் நூல், அவர் காலத்திற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின், 17ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது என்று வரலாற்று அறிஞர் காட்டியுள்ளனர். வரலாறு மறுத்தாலும் கதை நிலைக்கிறது. ஓங்கும் கை ஒரு துறவியின் கையாக இருக்கவேண்டும் என்று மனித மனம் விரும்புகிறது.

இனி, ஹாங்காங்கின் மொட்டைமாடிகளுக்கு வருவோம். 1949க்குப் பின் சீனப் பெருநிலத்திலிருந்து அகதிகள் வெள்ளமாய் வந்து குவிந்தனர். நெருக்கமான குடியிருப்புகள், அந்நிய ஆட்சி, வேலையற்ற இளைஞர் கூட்டம். வெவ்வேறு ஆசான்களின் மாணவர்கள் காவல்துறையினர் கண்ணில் படாமல் கட்டடங்களின் உச்சியில் கூடி மோதிக்கொண்டனர். கையுறை இல்லை; நடுவர் என்று பேருக்கு ஒருவர். இந்தச் சண்டைகளில் நாட்டம் கொண்ட சிறுவர்களுள் ஒருவனே பின்னாளில் உலகறிந்த புரூஸ் லீ. 1940இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்து, இப் மேன் என்ற ஆசானிடம் விங் சுன் கலையைப் பயின்றவன்.

நம் வாசகர்களுள் பலர் அறியாத ஒரு செய்தி இங்கே உண்டு. புரூஸ் லீ படித்தவை நம் துறவற சபையாரின் பள்ளிகள். முதலில் லசால் சகோதரர்களின் கல்லூரி. பின்னர் மரிஸ்ட் சகோதரர்கள் நடத்திய புனித பிரான்சிஸ் சவேரியார் கல்லூரி. அங்கே அருள்சகோதரர் எட்வர்டு என்பவர் மாணவர்களுக்குக் குத்துச்சண்டை பயிற்றினார். தெருவில் மோதித் திரிந்த இம்மாணவனை அவர் கையுறை அணிவித்து மேடையேற்றினார். 1958இல் பள்ளிகளுக்கிடையிலான குத்துச்சண்டைப் போட்டியில் அவன் வென்றான். கோபத்தை ஒரே நாளில் பிடுங்கி எறிய அச்சகோதரர் முயலவில்லை. அதற்கு ஓர் எல்லையும், நேரமும், எதிராளியை மதிக்கும் விதியும் தந்தார். அதன் பின்னரும் தெருச் சண்டைகள் ஓயவில்லை. மறு ஆண்டே பெற்றோர் மகனை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தனர் என்பதும் உண்மை. கல்விப் பணியின் பலன் உடனே கண்ணில் படுவதில்லை.

1971இல் ஹாங்காங் திரும்பிய புரூஸ் லீ நடித்த "தி பிக் பாஸ்" படத்தை எண்ணிப் பாருங்கள். தாய்லாந்தில் ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலை. பிழைக்க வந்த தொழிலாளர்கள் ஒவ்வொருவராய்க் காணாமற்போகின்றனர். சண்டையிடுவதில்லை என்று தாய்க்கு வாக்களித்த நாயகன், அந்த வாக்கின் அடையாளத்தைக் கழுத்தில் அணிந்து நெடுநேரம் பொறுக்கிறான். இறுதியில் முதலாளியைக் கொன்றபின், காவலரிடம் தன்னை ஒப்படைக்கிறான். மறு ஆண்டு வந்த "ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி"யில், சாங்காய்ப் பூங்கா ஒன்றின் வாயிலில் நாய்களுக்கும் சீனருக்கும் அனுமதியில்லை என்ற பலகையை உதைத்து நொறுக்குகிறான். அதே சொற்களில் ஒரு பலகை இருந்ததற்குச் சான்றில்லை. ஆயினும், பூங்கா அந்நியருக்கே உரியது என்று ஒரு விதியும், நாய்களுக்கு இடமில்லை என்று வேறொரு விதியும் 1917ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தன. 1928வரை சீனர் அதில் நுழைய இயலவில்லை. பலகை கற்பனை, அவமானம் உண்மை. அந்தப் படத்தின் முடிவில் நாயகன் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்ந்து சாவை ஏற்கிறான்.

இந்தப் படங்கள் 1973இல் அமெரிக்க நகரங்களை எட்டியபோது, கறுப்பின இளைஞர்கள் திரையரங்குகளை நிரப்பினர். பணமில்லை, படைக்கலமில்லை, நிறமும் பகையாயிற்று. ஆனால் இரு கைகள் உண்டு. திரையில் நின்ற வெறுங்கையில் அவர்கள் தம்மையே கண்டனர். அதே ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள், 32ஆம் வயதில், புரூஸ் லீ இறந்தார்.

அவருக்குப் பின் மெல்ல ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1988இல் வந்த "பிளட்ஸ்போர்ட்" படம், ஹாங்காங்கில் மறைவாக நடக்கும் ஒரு போட்டியைக் காட்டியது. உண்மைக் கதை என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு ஓர் அமெரிக்க நாளேடு விசாரித்து அந்த உரிமைகோரலை ஐயத்திற்குள்ளாக்கியது. அதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. பனிக்கட்டித் தொழிற்சாலையின் ஏழைகளைப் போல, யாருக்காக என்று சொல்லத்தக்க ஒரு மக்கள் கூட்டம் இங்கே இல்லை. வெல்வதே நோக்கம். 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் இக்கற்பனை நனவாயிற்று. எடைப்பிரிவு இன்றி, ஏறக்குறைய விதிகளே இன்றி, எட்டு வீரர்கள் மோதினர். முதல் மோதலிலேயே ஒருவரின் பல் தெறித்தது. ஜான் மெக்கெய்ன் என்ற செனட்டர் இதை மனிதச் சேவற்சண்டை என்று கண்டித்தார். அதன்பின்னரே எடைப்பிரிவுகளும், கையுறைகளும், ஒழுங்கான விதிகளும் வந்தன. சகோதரர் எட்வர்டு பள்ளி மேடையில் கற்பித்ததை உலகம் மீண்டும் கற்கவேண்டியதாயிற்று.

காரணம் நீங்கிய சண்டை மனிதனை என்ன செய்யும் என்பதைப் புனித அகுஸ்தினார் தம் "ஒப்புதல்கள்" நூலின் ஆறாம் பகுதியில் விவரித்துள்ளார். அவருடைய நண்பர் அலிப்பியுசு, சட்டம் பயில உரோமைக்குச் சென்றவர். வாட்போர்க் காட்சிகளை வெறுத்தவர். தோழர்கள் அவரை அரங்கிற்கு வலிந்து இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். காதுகளை மூட மறந்தார். கூட்டத்தின் பேரொலி கேட்டுக் கண் திறந்தவர், அக்கணமே அந்த வெறியில் மூழ்கினார். மீண்டும் மீண்டும் வந்தார். மற்றவர்களையும் அழைத்து வந்தார். அவரை வீழ்த்தியது வாள் அன்று, கூட்டத்தின் குரல். ஆயினும் அவர் அங்கேயே விடப்படவில்லை. பின்னாளில் அகுஸ்தினாரோடு திருமுழுக்குப் பெற்று, தகாஸ்தே நகரின் ஆயரானார்.

"சாமி, பையன் எந்நேரமும் கைப்பேசியில் சண்டைப் படமே பார்க்கிறான். கண்டித்தால் கதவைச் சாத்திக்கொள்கிறான்" என்று பங்கில் பெற்றோர் வந்து முறையிடுவதுண்டு. அவர்கள் அச்சத்தை நான் இலேசாக எண்ணுவதில்லை. திரையில் உதை வாங்குபவன் எழுந்துவிடுகிறான். தெருவில் உதை வாங்குபவன் எழாமலும் போகலாம். ஆயினும் தடை மட்டும் போதாது என்பதை 1930களின் சீனம் காட்டிவிட்டது.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு மாலை, மகனோடு அமர்ந்து அந்தப் படத்தைப் பாருங்கள். முடிந்ததும் இரண்டே கேள்விகள் கேளுங்கள். நாயகன் யாருக்காகச் சண்டையிட்டான்? அதற்கு என்ன விலை கொடுத்தான்? இரண்டிற்கும் விடை இருந்தால், உங்கள் மகன் நீதியைத் தேடிக்கொண்டிருக்கிறான். பள்ளியிலோ விளையாட்டுத் திடலிலோ அவனை யாரேனும் அவமானப்படுத்தியிருக்கலாம்; பேச்சு அங்கே தொடங்கட்டும். இரண்டிற்கும் விடை இல்லையென்றால், அவன் காதில் விழுவது அலிப்பியுசு கேட்ட அதே பேரொலி. அப்போது அவனுக்குத் தேவை, கைபிடித்து அரங்கிலிருந்து வெளியே அழைத்து வரும் ஒரு நண்பன்.

நம் மீட்பரும் வெறுங்கையோடுதான் நின்றார். தம்மைப் பிடிக்க வந்தவனின் காதைச் சீடரின் வாள் துண்டித்தபோது, அந்தக் கை நீண்டது. அடிப்பதற்கு அன்று, தொட்டுக் குணமாக்குவதற்கு. எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப்போட்ட வோங்கின் கையை ஓரளவு வியக்கத் தெரிந்த இளைஞனுக்கு, இந்தக் கையின் வலிமையையும் ஒருநாள் எடுத்துச் சொல்ல இயலும்.