நாயனமும் குருவருளும்

எம்பெருமான் திருவீதிக்கு எழுந்தருளும்போது முன்னே முழங்குவது மல்லாரி. அதனை ஆசானருகே நின்று செவியால் கேட்டுப் பயில்வதே நாயன மரபு. ஆசான் ராகத்தை விரிக்க, இரண்டாம் நாயனமாக நிற்கும் சீடன் பின்தொடர்ந்து ஊதிக் கற்கிறான். சீவாளியைப் பதப்படுத்தும் பக்குவமும் அங்ஙனமே கைவருகிறது. திருவீதியே அவனுக்குப் பள்ளியாகிறது.

திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அவர்களின் தோடியை நாடே அறியும். அவரருகே நின்று ஊதித் தேறியவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). குரு மறைந்து எட்டாண்டுகள் நிறையுமுன்னே, நாற்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் சீடரும் மறைந்தார். ஓரிருவர் மூச்சையே நம்பி நிற்கும் கலைக்கு நேரக்கூடிய இழப்பு எத்தகையது என்பதை இதனால் உணர்கின்றோம்.

ஆந்திர நாட்டில் பிறந்து, தஞ்சைப் பாணியை நாடி வந்து கற்றுத் திருவரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா (1924–1999), வாசித்துப் பெரும்புகழ் பெற்றதோடு அமையவில்லை. 1982-இல் அங்கே சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமம் நிறுவிப் பலருக்குக் கற்பித்தார். கற்றதைப் பிறர்க்கு ஈவதும் இறைபணியே.

ஆதலின், திருவிழாவில் மேளக்காரருக்கு மரியாதை செய்யுங்கால், அருகே நிற்கும் இளஞ்சீடனுக்கும் ஒரு பொன்னாடை போர்த்துவோமாக. நாளைய மல்லாரி அவனிடமே உள்ளது.

திருச்சிற்றம்பலம்.