வலது சொடுக்குப் பட்டி (விண்டோஸ்)

வலது சொடுக்குப் பட்டி அல்லது சூழல் பட்டி என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பு, கோப்புறை, வட்டு அல்லது மேசைத்தளத்தின் மீது சுட்டியின் வலப்பொத்தானைச் சொடுக்கும்போது தோன்றும் கட்டளைப் பட்டியல் ஆகும். சொடுக்கப்படும் பொருளுக்கு ஏற்ப இதிலுள்ள கட்டளைகள் மாறுபடும். இவற்றுட் பல, ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸ் பதிவேட்டில் இருந்து பெறப்படுகின்றன. ஆகவே பதிவேட்டில் சில வரிகளைச் சேர்ப்பதன் மூலம், நிரல் எழுத அறியாத பயனரும் தமக்கு வேண்டிய கட்டளைகளைத் தமிழ்ப் பெயர்களுடன் இப்பட்டியில் இணைத்துக்கொள்ள இயலும்.

வரலாறு

சுட்டியின் பொத்தானை அழுத்தினால் அவ்விடத்திலேயே பட்டி தோன்றும் முறை 1970களில் அமெரிக்காவின் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக் சூழலில் இடம்பெற்றிருந்தது. 1992 இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 பதிப்பில், எவ்வகைக் கோப்பினை எந்த நிரல் திறக்கும் என்பதைக் குறித்துவைக்கும் சிறிய தரவுத்தளமாகப் பதிவேடு அறிமுகமானது. 1995 இல் வெளிவந்த விண்டோஸ் 95, கோப்புகளின் மீது வலது சொடுக்கும் பழக்கத்தைப் பொதுப் பயனர்களிடையே பரவச் செய்தது. விண்டோஸ் 2000 முதல், கணினிக்குப் பொதுவான அமைப்புகளும் தனிப் பயனருக்குரிய அமைப்புகளும் இணைத்துக் காட்டப்படுகின்றன. இரண்டும் முரண்படும்போது பயனருடைய அமைப்பே முன்னுரிமை பெறும்.

பதிவேட்டில் அமைவிடம்

பதிவேடு, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த சாவிகளையும் அவற்றினுள் உள்ள மதிப்புகளையும் கொண்டது. வலது சொடுக்குப் பட்டிக்குரிய விபரங்கள் கிளாசஸ் ரூட் எனும் கிளையில் உள்ளன. பதிவேட்டில் இப்பெயர்கள் ஆங்கில எழுத்துக்களிலேயே இருக்கும். முதன்மையான இடங்கள் வருமாறு:

* நட்சத்திரக் குறி (*) – எல்லா வகைக் கோப்புகளுக்கும் உரியது.
* டைரக்டரி – கோப்புறைகளுக்கு உரியது.
* டைரக்டரியின் கீழுள்ள பேக்கிரவுண்ட் – திறந்துள்ள கோப்புறையின் வெற்றிடத்திற்கு உரியது.
* டிரைவ் – வட்டுகளுக்கு உரியது.
* கோப்பு வகையின் பெயர் – ஒரு குறிப்பிட்ட வகைக் கோப்புகளுக்கு மட்டும் உரியது.

கோப்பு வகையின் பெயரின் கீழ்ச் சேர்க்கப்படும் கட்டளை சில வேளைகளில் தோன்றாமற் போகலாம். பயனர் அவ்வகைக் கோப்பினைத் திறக்க வேறொரு நிரலைத் தேர்ந்திருந்தால் விண்டோஸ் அந்நிரலுக்குரிய சாவியையே படிப்பது இதற்குக் காரணமாகும். விண்டோஸ் எக்ஸ்பி முதல் உள்ள சிஸ்டம் ஃபைல் அசோசியேஷன்ஸ் எனும் சாவியின் கீழ், கோப்பின் நீட்சியைக் கொண்டு கட்டளையைச் சேர்த்தால் இச்சிக்கல் எழாது.

புதிய கட்டளையைச் சேர்த்தல்

எல்லாக் கோப்புகளுக்கும் "நோட்பேடில் திற" என்னும் கட்டளையைச் சேர்ப்பது எளிய எடுத்துக்காட்டாகும்.

1. பதிவேட்டுத் திருத்தியில் நட்சத்திரக் குறிச் சாவியினுள் ஷெல் எனும் சாவி திறக்கப்படும். இல்லையெனில் அது உருவாக்கப்படும்.
2. அதனுள் ஏதேனும் ஒரு பெயரில் புதிய சாவி உருவாக்கப்படும். இது வினைச்சொல் எனப்படும்.
3. அச்சாவியின் இயல்பு மதிப்பாக "நோட்பேடில் திற" எனத் தரப்படும். பட்டியில் தோன்றுவது இப்பெயரே.
4. அதனுள் கமாண்ட் எனும் துணைச்சாவி உருவாக்கப்பட்டு, அதன் இயல்பு மதிப்பாக நோட்பேட் நிரலின் பெயரும், ஓர் இடைவெளி விட்டு "%1" என்பதும் தரப்படும்.

கட்டளை இயங்கும்போது %1 இருக்கும் இடத்தில் சொடுக்கப்பட்ட கோப்பின் முழுப் பாதை இடப்படும். இதனை மேற்கோட் குறிகளுக்குள் இடுதல் இன்றியமையாதது. கோப்பு "திருவான்மியூர் படங்கள்" என்ற கோப்புறையில் இருப்பதாகக் கொண்டால், மேற்கோட் குறி இல்லாதபோது பல நிரல்கள் "திருவான்மியூர்" என்பதோடு பாதை முடிந்ததாகக் கருதி, கோப்பு இல்லை எனப் பிழை காட்டும். கோப்புறையின் வெற்றிடத்திற்குரிய கட்டளைகளில் %1 இற்குப் பதிலாக %V பயன்படுகின்றது.

கிளாசஸ் ரூட் கிளையில் நேரடியாக எழுதுவதற்கு வழக்கமாக நிர்வாகி உரிமை தேவை. கரண்ட் யூசர் கிளையில், சாஃப்ட்வேர் என்பதன் கீழுள்ள கிளாசஸ் சாவியில் இதே அமைப்பை உருவாக்கினால் அவ்வுரிமை தேவையில்லை. மாற்றமும் அப்பயனரை மட்டுமே சாரும். பள்ளி, கல்லூரிகளின் பொதுக் கணினிகளுக்கு இம்முறை ஏற்றது.

வினைச்சொல் சாவியில் எக்ஸ்டெண்டட் எனும் வெற்று மதிப்பைச் சேர்த்தால், ஷிப்ட் விசையை அழுத்தியவாறு சொடுக்கும்போது மட்டுமே கட்டளை தோன்றும். விண்டோஸ் விஸ்டாவில் கோப்புறையிலிருந்து ஆணைச் சாளரத்தைத் திறக்கும் கட்டளை இவ்வாறே மறைந்திருந்தது. விண்டோஸ் 7 முதல் ஐகான் எனும் மதிப்பின் மூலம் கட்டளைக்குப் படவுருவும் சேர்க்கலாம்.

தமிழ்ப் பெயர்கள்

1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டினை அடுத்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய 8 பிட்டு குறியாக்கங்களை அறிவித்தது. இவற்றில் எழுதப்பட்ட பெயர், உரிய எழுத்துரு இன்றேல் பட்டியில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக்களாகவே தோன்றும். விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழை லதா எழுத்துருவுடன் ஆதரித்ததன் பின்னரே, கூடுதல் ஏற்பாடுகள் இன்றிப் பட்டியில் தமிழ்ப் பெயர்களைக் காண்பது இயல்வதாயிற்று.

கட்டளைகளைப் பதிவேட்டுக் கோப்பாக எழுதிப் பல கணினிகளில் சேர்ப்பதும் உண்டு. விண்டோஸ் 98 காலத்துப் பதிவேட்டுக் கோப்புகள் ஒருங்குறியை ஏற்பதில்லை. விண்டோஸ் 2000 உடன் வந்த 5.00 பதிப்பு வடிவம் யுடிஎஃப்-16 குறியாக்கத்தை ஏற்கின்றது. எனவே தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பினை யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் சேமித்தல் வேண்டும். ஆன்சி எனச் சேமித்தால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். 2019 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பு முதல் நோட்பேட் புதிய கோப்புகளை இயல்பாக யுடிஎஃப்-8 இல் சேமிக்கின்றது. இதனைக் கவனியாது விடின், கட்டளை சரியாக இயங்கினும் அதன் பெயர் சிதைந்து தோன்றும்.

நீட்சி நிரல்கள்

கோப்புச் சுருக்கு மென்பொருட்கள், நச்சுநிரல் தடுப்பிகள் போன்றவை ஷெல்இஎக்ஸ் எனும் சாவியின் கீழ்த் தமது நிரற் கோப்பினைப் பதிந்துகொள்கின்றன. இவை சொடுக்கும் நேரத்தில் எக்ஸ்புளோரருக்குள்ளேயே இயங்குவதால், சூழலுக்கு ஏற்பக் கட்டளைகளை மாற்ற வல்லவை. ஆனால் இவற்றில் பிழை நேர்ந்தால் எக்ஸ்புளோரர் முழுவதும் முடங்கக்கூடும். வலது சொடுக்கியதும் பட்டி தோன்றத் தாமதமாவதற்கும் இத்தகைய நிரல்கள் காரணமாவதுண்டு. ஷெல் சாவியில் சேர்க்கப்படும் எளிய கட்டளைகளுக்கு இக்குறை இல்லை.

பாதுகாப்பு

கட்டளைகளை நிர்ணயிக்கும் இதே சாவிகள் தீநிரல்களுக்கும் வழியாக அமைந்துள்ளன. 2001 ஜூலையில் மின்னஞ்சல் வழியே பரவிய சர்காம் புழு, இயங்கு கோப்புகளின் ஓப்பன் வினைச்சொல்லுக்குரிய கமாண்ட் மதிப்பை மாற்றியமைத்தது. இதனால் பயனர் எந்நிரலைத் திறந்தாலும் முதலில் புழுவே இயங்கியது. புழுவின் கோப்பினை மட்டும் அழித்தவர்களின் கணினியில் எந்நிரலும் திறக்கவில்லை. மதிப்பைத் திருத்த வேண்டிய பதிவேட்டுத் திருத்தியும் அவ்வாறே முடங்கியது. அதன் பிரதி ஒன்றின் நீட்சியை "காம்" என மாற்றித் திறப்பதே அப்போது தீர்வாக அமைந்தது.

இக்காரணத்தால், மாற்றங்களுக்கு முன்னர் உரிய சாவியை ஏற்றுமதி செய்து சேமித்து வைத்தலும், ஏற்கனவே உள்ள ஓப்பன் வினைச்சொல்லை மாற்றாது புதிய பெயரில் வினைச்சொல் அமைத்தலும் பாதுகாப்பானவை. பிறர் தரும் பதிவேட்டுக் கோப்பினை இரட்டைச் சொடுக்கிச் சேர்ப்பதற்கு முன், நோட்பேடில் திறந்து படித்துப் பார்த்தல் நன்று. சேர்த்த கட்டளையை நீக்க, அதன் வினைச்சொல் சாவியை அழித்தாற் போதுமானது.

விண்டோஸ் 11

2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 இல் பட்டி சுருக்கப்பட்டது. பதிவேட்டின் மூலம் சேர்க்கப்படும் எளிய கட்டளைகள் முதற் பட்டியில் தோன்றுவதில்லை. கூடுதல் தெரிவுகளைக் காட்டும் கட்டளையைச் சொடுக்கியோ, ஷிப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தியோ பழைய முழுப் பட்டியில் அவற்றைக் காணலாம்.

பிற இயங்குதளங்கள்

லினக்ஸின் கே.டி.இ பணிச்சூழலில் இதே பயன், பதிவேடு இன்றி, சிறு உரைக் கோப்புகளின் மூலம் பெறப்படுகின்றது. க்னோம் பணிச்சூழலின் நாட்டிலஸ் கோப்பு மேலாளரில் இதற்கெனவுள்ள கோப்புறையில் இடப்படும் குறுநிரல்கள் பட்டியில் தோன்றுகின்றன. மாக் இயங்குதளத்தில் ஆட்டோமேட்டர் எனும் மென்பொருள் இப்பணிக்கு உதவுகின்றது.