ஒரு திறப்பு, இரண்டு பூட்டுகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், உடைந்திருந்த எனது கார்த் திறப்பின் உறையை (தமிழக நண்பர்கள் சாவி என்பர்) கொழும்பு புறக்கோட்டைக் கடையொன்றில் மாற்றிக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன். மறுநாள் அதிகாலை நீர்கொழும்பில் நண்பர் ஒருவரின் இறுதிக் கிரியைக்குப் புறப்பட வேண்டியிருந்தது. ரிமோட்டை அழுத்தியதும் கதவுகள் திறந்தன. ஆனால் இயந்திரமோ ஒரு கணம் உயிர்பெற்று உடனே அணைந்தது. எத்தனை முறை முயன்றும் அதுவே நடந்தது. வந்து பார்த்த மெக்கானிக், எரிபொருள் பம்பு பழுது என்று கூறிப் புதியதைப் பொருத்தினார். பணம் போனது, நண்பரின் முகத்தை இறுதியாகப் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை.

இந்தத் தொல்லைக்கு ஒரு வரலாறு உண்டு. 1986 ஆம் ஆண்டின் கோர்வெட் கார்களில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் திறப்பின் அலகிலேயே சிறிய மின்தடை ஒன்றைப் பதித்தது. 402 ஓம் முதல் 11,800 ஓம் வரை 15 அளவுகள்; அவற்றில் ஒன்றுதான் ஒரு காருக்கு உரியது. அளவு பொருந்தாவிட்டால் ஸ்டார்ட்டரும் எரிபொருளும் தடுக்கப்படும். சில நிமிடங்கள் காத்திருந்தே மீண்டும் முயல முடியும். திருடனுக்கு வைத்த பொறிதான். ஆனால் ஸ்டியரிங் தண்டின் வழியே சென்ற மெல்லிய கம்பிகள் காலப்போக்கில் முறிந்தபோது, நடுத்தெருவில் நின்றவர் காரின் சொந்தக்காரர். பழுதுபார்ப்பவர்கள் ஓம் மானியால் திறப்பை அளந்து, அதே அளவுள்ள மின்தடையை உள்ளே நிரந்தரமாக இணைத்துவிட்டனர். கார் ஓடியது; காவல் போனது!

1990களில் கம்பித் தொடுகை இல்லாத ட்ரான்ஸ்பொண்டர் சில்லு வந்தது. அதற்குப் பற்றரி தேவையில்லை. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிலிருந்து சக்தி பெற்று, தனது இரகசிய எண்ணால் பதிலளிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1995 இல் பணிப்புரை பிறப்பித்து, 1998 ஒக்டோபர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. கதவைத் திறக்கும் ரிமோட்டோ வேறு வழியாக வந்தது. அது சிறு பற்றரியில் இயங்கும் வானொலி அலைக்கருவி. பின்னர் இரண்டும் ஒரே உறைக்குள் குடிபுகுந்தன. குழப்பமும் அங்கேதான் தொடங்கியது.

கதவு திறக்காமல் இயந்திரம் இயங்குமாயின் முதலில் ரிமோட்டின் பற்றரியைப் பார்க்கலாம். கதவு திறந்தும் இயந்திரம் அணைந்து, திறப்பு வடிவ விளக்கு மினுங்குமாயின் சந்தேகம் சில்லின் மீதோ கம்பிச்சுருளின் மீதோ விழவேண்டும். பொத்தானால் இயக்கும் கார்களில் பற்றரி தீர்ந்தாலும், பலவற்றில் ரிமோட்டைப் பொத்தானருகே பிடித்தால் உள்ளிருக்கும் சில்லு வாசிக்கப்பட்டுவிடும்.

எனது காரில் எச்சரிக்கை விளக்கு மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் வந்த முதிய வாகன மின்னியலாளர் கார் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஐயா, வீட்டில் மற்றத் திறப்பு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இயந்திரம் உடனே இயங்கியது, அணையவுமில்லை.

அன்று மாலையே புறக்கோட்டைக்குச் சென்றேன். கடைக்காரர் கழிவுப் பெட்டியைக் கிளறி எனது பழைய உறையை எடுத்துத் தந்தார். அதன் ஓரத்தில், நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய கரிய துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் பிளாஸ்டிக் என்று எண்ணி விட்டுவிட்டாராம்.