மனோசக்தியின் விலை: பாத்திரமேற்கும் விளையாட்டுகளில் விதி வகுக்கும் முறை குறித்து

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, நடுவர் விவரிக்கும் உலகில் அப்பாத்திரங்கள் துணியும் காரியங்களின் பலாபலனைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் விளையாட்டு, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூலம் அச்சேறியது. வாட்போருக்கும் மந்திரத்துக்கும் விதி வகுப்பதில் அவ்விளையாட்டு வெகு சீக்கிரமே ஒரு நிலைபேற்றை எய்திற்று. பிறர் மனத்தை அறிதல், தொடாமலே பொருளை நகர்த்துதல், தொலைவில் நடப்பதைக் காணுதல் முதலான மனோசக்திகளுக்கு வகுத்த விதிகளோ பதிப்புக்குப் பதிப்பு தலைகீழாக மாறி வந்திருக்கின்றன. அச்சக்திகளின் விசித்திரத் தன்மையே இதற்குக் காரணம் என்பாருண்டு. அது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. சக்தியால் என்னென்ன செய்யலாம் என்ற ஜாபிதாவை நீட்டுவதிலே கருத்தூன்றிய நூலாசிரியர்கள், அதற்கு விலை யாது, அவ்விலை பாத்திரத்தின் எந்த அம்சத்தைத் தாக்குகிறது என்ற கேள்வியை அரைகுறையாகவே ஆராய்ந்தனர் என்பதே என் கட்சி.

மந்திரத்துக்கான விதிக்கு ஓர் இலக்கிய மூலம் இருந்தது. ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ கதைகளில் மந்திரவாதி மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்கிறான். பிரயோகித்த மாத்திரத்தில் அது மனத்தை விட்டு அகன்றுவிடுகிறது. சக்தியும் விலையும் அங்கே ஒரே கற்பனையில் பிணைந்து கிடந்தமையால், விதியாக்குவது எளிதாயிற்று. மனோசக்தியின் பூர்வோத்தரம் வேறு. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன், ஐந்து வகைச் சின்னங்கள் பொறித்த 25 சீட்டுகளைக் கொண்டு நடத்திய சோதனைகளும், அவற்றில் மோகங்கொண்ட பத்திரிகாசிரியர் ஜான் கேம்பெல் வளர்த்த விஞ்ஞானக் கதைகளுமே அதன் பிறப்பிடம். சோதனைச்சாலையில் கேட்கப்பட்ட கேள்வி, சக்தி உண்டா இல்லையா என்பதே. அதனால் மனிதனுக்கு நேரும் நஷ்டம் என்ன என்பதற்கு அங்கே இடமில்லை. விளையாட்டு இந்தக் குறையையும் சேர்த்தே சுவீகரித்துக்கொண்டது.

1976-இல் வந்த ‘எல்ட்ரிச் விசார்ட்ரி’ என்னும் துணைநூலில் மனோசக்தி முதன்முதலாக இடம்பெற்றது. 1978-இல் வெளியான ஆட்டக்காரர் கையேட்டின் பிற்சேர்க்கையிலோ அது திருத்தம் பெற்ற வடிவில் காணப்படுகிறது. புத்தி, விவேகம், வசீகரம் ஆகிய மூன்றில் ஒன்றிலாவது 16 அல்லது அதற்கு மேல் எண் வாய்த்த பாத்திரம், நூறு கணக்கிடும் பகடையை உருட்டிப் பார்க்கலாம். சக்தி வாய்ப்பதற்கான அடிப்படைச் சாத்தியம் நூற்றுக்கு ஒன்று. வாய்த்தவன் வேறெந்தத் தொழிலில் தேர்ந்தவனாயினும் அத்தொழிலில் எதையும் இழப்பதில்லை. அதிர்ஷ்டம் ஒன்றே நுழைவுச் சீட்டாக இருக்கும் இம்முறையில், விளையாடுவோரிடையே சமத்துவம் முதல் நாளிலேயே குலைந்துவிடுகிறது.

அதனினும் பெரிய பிழை கால அளவையில் நேர்ந்தது. அவ்விளையாட்டில் போரின் ஒரு சுற்று ஒரு நிமிடம். அது ஆறு வினாடி கொண்ட பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மனம் மின்னலினும் வேகமுடையது என்ற நியாயத்தால், மனோயுத்தம் மட்டும் பகுதிக்கொரு முறை நடக்கும் என்று வகுத்தார்கள். ‘அகந்தைச் சவுக்கு’ என்று மொழிபெயர்க்கத்தக்க ஒன்று உள்ளிட்ட ஐந்து தாக்குமுறைகளை, ‘இரும்புச் சித்தக் கோபுரம்’ உள்ளிட்ட ஐந்து காப்புமுறைகளோடு அட்டவணையில் ஒத்துப் பார்த்து, இருவர் பத்துத் தடவை மோதி முடிக்கும்வரை, மற்ற நால்வரும் வாளை உருவிய கையோடு காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு விளையாட்டின் வயிற்றுக்குள்ளே இன்னொரு விளையாட்டு பிறந்துவிட்டது. ஆயினும், 1979-இல் வந்த நடுவர் கையேட்டில் எவரும் அதிகம் பாராட்டாத ஒரு நல்ல விதி ஒளிந்திருக்கிறது: மனோசக்தியைப் பிரயோகித்தால், அதன் வாடை கண்டு வேட்டைக்கு வரும் ஜந்துக்கள் எதிர்ப்படலாம். விலை என்பது புள்ளிக் கழிவைத் தாண்டி, கதைக்குள்ளேயே ஒரு விளைவாக வரக்கூடும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

1991-இல் ஸ்டீவ் விண்டர் எழுதிய மனோசக்திக் கையேடு, மனோசக்தியாளனைத் தனித் தொழிலினனாக்கி அதிர்ஷ்டத்தின் ஆதிக்கத்தைக் குறைத்தது. அதில் ஒவ்வொரு சக்திக்கும் இருபது முகப் பகடையில் ஒரு தேர்வு உண்டு. தவறினாலும் பாதிப் புள்ளி செலவாகிவிடும். தொடங்கிய சக்தியை நிலைநிறுத்தச் சுற்றுக்குச் சுற்று மேலும் செலவு. முயற்சியே களைப்பைத் தருகிறது என்னும் அனுபவ உண்மை இங்கே விதியில் தெளிவாக ஏறியது. புள்ளிக் கணக்கு எழுதுவது ஆட்டக்காரனைக் கடைக்கணக்கனாக்கிவிட்டது என்பது மெய். அந்தக் குற்றத்தை இதன்பொருட்டு மன்னிக்கலாம்.

2004-இல் புரூஸ் கார்டெல் இயற்றிய விரிவுபடுத்தப்பட்ட கையேடு, கணக்கின் செம்மையில் நிகரற்றது. ஐந்தாம் நிலை மனோசக்தியாளனுக்கு, புத்திக் கூர்மையால் கிடைக்கும் உபரி நீங்கலாக, நாளொன்றுக்கு 25 புள்ளிகள். ஒரு புள்ளி செலவிட்டால் அவனது சக்திக் கதிர் ஆறுமுகப் பகடை ஒன்றின் அளவுக்குச் சேதம் விளைக்கும். கூடுதலாகத் தரும் புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை ஏறும். இருபத்தைந்தையும் ஒரே அடியில் கொட்டிவிட்டால் எதிரி எவனும் மிஞ்சான். ஆகவே, தன் நிலைக்கு மேற்பட்ட புள்ளிகளை ஒரே சக்தியில் செலவிடலாகாது என்ற வரம்பு இடப்பட்டது. இவனால் ஐந்து பகடைக்கு மேல் ஏற்ற இயலாது. மந்திரவாதியின் தீப்பந்து அவன் நிலை உயர உயரப் பத்துப் பகடை வரை விலையின்றி வளர, மனோசக்தியாளன் மட்டும் வளர்ச்சிக்குப் பணம் கட்டுகிறான். நீதியான ஏற்பாடு. இந்தச் சிறு வரம்பை மறந்து ஆடிய மேசைகளிலேதான், மனோசக்தி விளையாட்டைக் கெடுக்கிறது என்ற அபவாதம் பெரும்பாலும் பிறந்திருக்கும் என்பது என் அனுமானம். ஆனால் மந்திரத்தை முறிக்கும் சாதனம் மனோசக்தியையும் முறிக்கும் என்பதைப் பொதுவிதியாக்கிய அந்நூலில், மனோசக்தி மந்திரத்தின் மாற்றுப்பெயர் போலாகிவிட்டது. இருபத்தைந்தில் இருபத்துநான்கைச் செலவிட்டவனும், ஒன்றும் செலவிடாதவனும் அங்கே ஒரே தெளிவோடு நிற்கிறார்கள். மனம் வாடுவதில்லை, எண்தான் தேய்கிறது.

பிறர் மனத்தை அறியும் சக்தி மர்மக் கதைகளைப் பாழாக்குமே என்ற ஆட்சேபத்துக்கு, ஆல்பிரட் பெஸ்டரின் ‘தி டிமாலிஷ்ட் மேன்’ நாவல் விடை தந்திருக்கிறது. மனமறிவோர் நிறைந்த சமூகத்தில் கொலை செய்யத் துணிந்தவன், மனத்தை விட்டு அகலாத ஒரு துணுக்குப் பாட்டை வேண்டுமென்றே தலைக்குள் ஏற்றிக்கொண்டு அதன் இரைச்சலுக்குப் பின்னே தன் எண்ணத்தை மறைக்கிறான். ஆகவே நடுவர் இச்சக்தியைத் தடை செய்ய வேண்டியதில்லை. அது இருப்பதை உலகம் அறிந்திருக்க வேண்டும், சாமானியனுக்கும் அதற்கு ஒரு தற்காப்பு இருக்க வேண்டும். பிறர் மனத்தைப் படித்தவனுக்கும் அதனால் ஏதேனும் ஒட்டிக்கொள்ள வேண்டும்: கொலைகாரனின் மனத்தைத் துழாவியவன், அன்றிரவு அவனது பாட்டை முணுமுணுத்தபடி உறங்காது கிடக்கட்டும்.

விலையைப் பாத்திரத்தின் சக்தியிலேயே புலப்படுத்த முடியுமா என்றால், முடியும் என்பதற்குச் சான்று அருகிலேயே இருக்கிறது. 2020-இன் முற்பகுதியில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்கெனச் சோதனைக்காக வெளியிடப்பட்ட விதிகளில், மனோசக்திக்கென ஒரே ஒரு பகடை தரப்பட்டது. ஆறுமுகத்தில் தொடங்கும் அப்பகடையில் உச்ச எண் விழுந்தால், அடுத்த முறைக்கு அதனினும் சிறிய பகடையை எடுக்க வேண்டும். சிறிய பகடையில் ஒன்று விழுந்தால் ஒரு படி மீளலாம். மகத்தான வெற்றியே மனத்தைச் சோர்வுறச் செய்கிறது என்பதை ஏடும் எழுதுகோலுமின்றி மேசையிலிருப்போர் அனைவரும் கண்ணால் காண்பர். அவ்வாண்டு நவம்பரில் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆப் எவ்ரிதிங்’ நூலில் இது நீக்கப்பட்டு, எண்ணிக் கழிக்கும் பகடைகளே இடம்பெற்றன. முன்சொன்ன வரம்புகளெல்லாம் சேர்ந்தும் சாதியாததை இந்த ஒரு விதி சாதித்திருந்தது. அதைக் கைவிட்டது தவறு. புதிதாக விதி வகுக்க முற்படுவோர், சக்திகளின் ஜாபிதாவைத் தொடுவதற்கு முன் அந்தப் பகடையை எடுத்து ஒரு மாலைப்பொழுது ஆடிப் பார்ப்பார்களாக.