கொடுமுடியார் குரல்

கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரைப் பக்திப் பாடகி என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நம்மவர் வழக்கம். அது முழு உண்மையன்று.

1908இல் கொடுமுடியில் வறுமையிற் பிறந்து, இரயில் வண்டியில் பாடிக் காசு பெற்ற சிறுமி அவர். மேடையில் “ஒன்ஸ்மோர்” முழக்கத்தால் நீண்டுகொண்டே போகும் நாடகப் பாட்டு, கொலம்பியா இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடத்தில் அடங்கவேண்டும். அச்சிறு இடத்திலிருந்தே அக்குரல் கடல் கடந்தது. கோப்பெங் தோட்டத்து லயத்தில் ஒரே தட்டைத் தேயத்தேயச் சுழலவிட்டுக் கேட்ட கதையை என் பாட்டனார் அலுக்காமற் சொல்லுவார்.

1933இல் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா மாண்டார். அம்மையாருக்கு வயது 25. வெண்புடவை உடுத்தி, மேடையை விட்டு ஒதுங்கினார். கைம்பெண்ணுக்கு மூலையே இடமென்று ஊர் விதித்திருந்த காலம் அது. ஆனால் 1935இல் “நந்தனார்” படத்தில் ஆண் வேடம் பூண்டு வந்தார். அதற்குப் பெற்ற ஊதியம் 1 இலட்சம் ரூபாய்! தீண்டாமைக்கு ஆளான நந்தனாராக ஒரு கைம்பெண் நின்று பாடியது, படமெடுத்தோர் எண்ணினரோ இல்லையோ, எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வெண்புடவையை அவர் இறுதிவரை களையாதது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அவ்வுடையிலேயே 1953இல் ஔவையாராகத் திரையில் தமிழ் பாடினார். சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார்.